சவப்பெட்டிகளுக்குக் கீழே ஒரு லிங்க்

சுரங்கத்தில் எங்கள் பிரிவை மூடிய அன்றைக்கு, உலகமே படிக்கும் எழுத்தாளன் ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். இருபத்தாறு வருடம் பூமிக்கடியில் தண்ணீர் இறைக்கும் பம்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். உனக்கு எழுத என்ன தெரியும் என்று நீங்கள் கேட்க வேண்டாம். என் மனைவி முவாபே கேட்டுவிட்டாள்.

"என்ன எழுதப் போறீங்க, லுபுட்டோ அப்பா?" எங்கள் ஊரில் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அப்பா, அம்மா என்று கூப்பிடுவார்கள்.

"குடும்பத் தலைவர்களுக்கு அறிவுரை."

"யாரைக் கேட்டு எழுதுவீங்க?"

வலைப்பதிவு தொடங்கினேன். முதல் கட்டுரை, 'கணவனே வீட்டின் தலைவன்: ஏழு காரணங்கள்'. ஆறு காரணம் எழுதிவிட்டேன். ஏழாவது இன்றுவரை கிடைக்கவில்லை.

மூன்று மாதம் போயிற்று. சாம்பியாவின் சுரங்க ஊரான எங்கள் லுவான்ஷியாவில் மழை நிற்கவில்லை. மின்சாரம் நின்றுகொண்டே இருந்தது. வேலை போன ஆண்கள் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். தெருவில் எந்த வீட்டைக் கடந்தாலும் ஒரு இருமல் கேட்டது. என் பக்கத்துக்கு வந்த வாசகர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் மூன்று தடவை நான்.

"வலை, வலைங்கறீங்க. மூணு மாசத்துல ஒரு கப்பெண்டா கூட மாட்டலையே" என்றாள் முவாபே, வாணலியில் அந்தப் பொடிமீனைப் புரட்டிக்கொண்டே.

அவமானம் தாங்காமல் போதகர் சிமுகொண்டாவிடம் போனேன். ஞாயிறு பிரசங்கம், மற்ற நாள் கணினிக் கடை. அவர் என் பக்கத்தைத் திறந்து, சாகக் கிடப்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உனக்கு பேக்லிங்க் ஒண்ணுகூட இல்லையே, கசோன்டே."

"அது என்ன வியாதி, ஐயா?"

"உன்னைப் பத்தி நீயே சாட்சி சொன்னா செல்லாது. மத்தவங்க அவங்க பக்கத்துல உன்னைக் கைகாட்டி, 'இங்கே போய்ப் படிங்க'ன்னு சொல்லணும். அந்தக் கைகாட்டிதான் பேக்லிங்க். அது வந்தாத்தான் கூட்டம் வரும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளக்கினேன்.

"நாலு பேர் என்னை நல்லவன்னு சொல்லணும், முவாபே. அவ்வளவுதான்."

"நாலு பேர் கடைசி நாள்லதான் வருவாங்க. அவங்களும் தூக்கத்தான் வருவாங்க."

நான் விடவில்லை. கண்ணில் பட்ட பக்கங்களில் எல்லாம் 'அருமையான பதிவு, என் வீட்டுக்கும் வாருங்கள்' என்று எழுதினேன். கோழிப்பண்ணைப் பக்கம், முடி வளரும் எண்ணெய்ப் பக்கம், ஒரு மூல வைத்தியர் பக்கம். அருமையான மூலம் என்றே எழுதினேன். கோழிக்காரர் என்னைத் தடை செய்தார். மூலக்காரர் மட்டும் பதில் போட்டார்: 'எத்தனை நாளாக இருக்கிறது?'

அந்த வாரம் சிஷிம்பா செத்துப்போனார். மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இயக்கியவர். அவரும் இருமித்தான் போனார்.

துக்க வீட்டில் பெண்கள் உள்ளே தரையில் அமர்ந்து அழுதார்கள். ஆண்கள் வெளியே தகரக் கூரையடியில் கரியடுப்பைச் சுற்றி இருந்தோம். என் பக்கத்தில் செத்தவரின் மைத்துனர் கபுங்கோ. சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். பேச்சுவாக்கில், கடைக்கு ஒரு இணையப் பக்கமும் வைத்திருப்பதாகச் சொன்னார்.

எனக்குள் பேய் புகுந்தது.

"துக்கந்தான், மாமா. இல்லேங்கல. ஆனா உங்க பக்கத்துல எனக்கு ஒரு லிங்க் குடுக்க முடியுமா?"

கபுங்கோ அழுத கண்ணோடு என்னைப் பார்த்தார். பிறகு, துக்க வீட்டில் வந்து கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டினார்.

இப்படிக் கிடைத்ததுதான் என் முதல் பேக்லிங்க். பெரியவர் பெட்டி, சிறியவர் பெட்டி, கைப்பிடி வைத்த பெட்டி, அதற்குக் கீழே 'கணவனே வீட்டின் தலைவன்'. அன்று பதினோரு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் நான்கு விநாடி இருந்துவிட்டுப் பெட்டி பார்க்கத் திரும்பிப் போனார்கள்.

செய்தி பெண்கள் பக்கம் போய்விட்டது. அடக்கம் முடிந்து வந்த முவாபே, சிட்டெங்கே துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். அவள் அப்படிக் கட்டினால் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவது வழக்கம்.

"பொணத்தை வெச்சுக்கிட்டு லிங்க் கேட்டீங்களாமே?"

"உள்ளே பொணம் இருந்துச்சு. நான் வெளியேதான் கேட்டேன்."

"அந்த மனுஷனைப் பத்தி ஒரு வரி எழுதினீங்களா?"

"அது என் துறை இல்ல, முவாபே."

"அன்னிக்குக் கூண்டு நடுவழியில நின்னுச்சே, அதுக்குள்ளே இருந்தது யாரு? நான்தானா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தெட்டு பேர் இருந்தோம். மூன்று மணி நேரம், கும்மிருட்டு. சிலர் கத்தினார்கள், ஒருவர் தன் தாயைக் கூப்பிட்டார். மேலேயிருந்து சிஷிம்பா சில நிமிடத்துக்கு ஒரு தடவை மணியை ஒரே ஒரு அடி அடித்தார். சுரங்க விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு மணி கிடையாது. நான் இங்கேதான் இருக்கேன், போகலை என்று அர்த்தம். அந்த மணிக்காகத்தான் அடுத்த மூச்சை விட்டோம். அதற்கு நான் ஒருநாளும் அவருக்கு நன்றி சொன்னதில்லை.

"எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். பாதி எழுதியதும் 'துணிவின் சிகரம்' என்று ஒரு வரி போட்டேன். எட்டிப் பார்த்தவள், "அவர் சிகரத்துலயா வேலை பார்த்தாரு? அடிங்க அதை" என்றாள். அடித்தேன். அவர் மனைவி அன்று என்ன சமைத்து வைத்துக் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. முவாபேவுக்குத் தெரிந்திருந்தது. பூசணி இலையும் களியும். அதையும் சேர்த்தோம்.

அந்த வாரம் நான் யாரிடமும் லிங்க் கேட்கவில்லை. தானாக வந்தது. சிஷிம்பாவின் மகள் வேலை பார்க்கும் பள்ளியின் பக்கம், தொழிற்சங்கத்தின் பக்கம், தேவாலயப் பாடகர் குழுவின் பக்கம், குளிர்நாட்டில் செவிலியாக இருக்கும் யாரோ ஒரு சாம்பியப் பெண்ணின் பக்கம். நாலாயிரம் பேர் படித்தார்கள். அடுத்த வாரம் முவாபே இன்னொரு பெயர் சொன்னாள். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. எங்கள் தெருவில் பெயருக்குப் பஞ்சமில்லை.

நானும் ஆள் மாறினேன். தெருவில் நிமிர்ந்து நடந்தேன். ஒரு பகல் போதகர் கடையில் உட்கார்ந்து, என் புகழை என் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று 'கசோன்டே' எனத் தட்டித் தேடினேன். ஒரு கால்பந்து வீரர் வந்தார். ஒரு லாரி நிறுவனம் வந்தது. நான் வரவில்லை.

"ஐயா, நான் எங்கே?"

போதகர் தொண்டையைச் செருமினார். "கைகாட்டுறவங்க ஒரு பேரை எழுதித்தான் கைகாட்டுவாங்க, கசோன்டே. தேடுற இயந்திரம் அந்தப் பேர்லதான் உன்னை அடையாளம் வெச்சுக்கும். இப்போ முப்பத்தோரு பக்கம் உன்னைக் கைகாட்டுது."

"என்ன பேர் எழுதி?"

"'லுபுட்டோ அம்மாவின் பக்கம்'னு."

வீட்டுக்கு ஓடினேன். முவாபே களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இது யார் பண்ணின வேலை?"

"எப்படிப் போடணும்னு எல்லாரும் எங்கிட்டதான் கேட்டாங்க. சொன்னேன்."

"என் தலைப்பைச் சொல்லியிருக்கலாமே!"

"'கணவனே வீட்டின் தலைவன்'னா? துக்கத்துல இருக்கிறவங்களைச் சிரிக்க வைக்கலாமா, சொல்லுங்க."

இதை இன்றைக்கே தீர்த்துவிடுவது என்று வாயைத் திறந்தேன். போன் அடித்தது. தெரியாத எண். ஒரு ஆணின் குரல், அழுது களைத்திருந்தது.

"முஃபுலிராவிலிருந்து பேசறேங்க. அப்பா காலையில போயிட்டார். முப்பது வருஷம் கீழே வேலை பார்த்தவர். அவரைப் பத்தி எழுதணும். லுபுட்டோ அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நீங்க யாருங்க?"

பக்கத்தின் நிறுவனர், உரிமையாளர், ஆசிரியர். மூன்றும் நாக்கு நுனி வரை வந்தன. மறுமுனையில் அந்த மனிதர் மூக்கை உறிஞ்சினார். முவாபே ஈரக் கையைத் துடைத்துவிட்டு போனுக்குக் கையை நீட்டினாள்.

"அவங்ககிட்ட டைப்பிங் வேலை பார்க்கிறேங்க" என்றேன்.