அக்காவின் வைவாவும் நான் அமுக்கிய 'ஒய்'யும்

யாராவது எதையாவது கேட்டால் "சரிங்க" என்று சொல்லிவிடுவேன். என்ன கேட்டார்கள் என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறும். மரியாதைப் பேச்சுக்குப் பேர்போன அன்னூர்ப் பக்கத்து ஆளுக்கு இதெல்லாம் ஒரு குறையா என்று நீங்கள் நினைக்கலாம். என் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.

அக்கா ஆறு வருஷம் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள். அப்பாவும் அம்மாவும் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தார்கள். குடும்பத்தில் முதல் டாக்டர் பட்டம். கோவையில் காலை பதினொரு மணிக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் அப்பா ஏழு மணிக்கே வெள்ளை வேட்டியில் தயாராக நின்றார்.

ஹால் ஏற்பாடுகளுக்காக முன்னாடியே கிளம்பிய அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. லேப்டாப்பில் இருக்கும் ஸ்லைடுகளைப் பென்டிரைவில் ஏற்றி எடுத்துவர வேண்டும். சரிங்கக்கா என்றேன். (அப்போது சிங்காநல்லூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொடுத்ததே நான்தான். அந்தத் திமிர் வேறு.)

லேப்டாப்பைத் திறந்ததும் ஓர் எச்சரிக்கை வந்தது. ரெப்பாசிட்டரி கிடைக்கவில்லையாம். லினக்ஸுக்கு மென்பொருள் எந்தக் கிடங்கிலிருந்து வரவேண்டும் என்று ஒரு கோப்பில் முகவரி எழுதியிருக்கும். அந்தக் கிடங்குதான் ரெப்பாசிட்டரி. அக்காவின் லினக்ஸ் பதிப்பு பழசாகிப்போனதால் கிடங்கை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டார்கள். முகவரியைத் திருத்துவது இரண்டு நிமிஷ வேலை. சும்மா விட்டிருந்தாலும் ஸ்லைடுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கை சும்மா இருக்கவேண்டுமே. முகவரியை விட்டுவிட்டு, பதிப்பின் பெயரை அழித்துப் புதுப் பதிப்பின் பெயரை எழுதி, மொத்தத்தையும் புதுப்பிக்கச் சொன்னேன்.

அது ஒரு நீளமான பட்டியலைக் காட்டி, இந்த மென்பொருள்களையெல்லாம் நீக்கப்போகிறேன், சம்மதமா என்று கேட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது? சம்மதம் என்பதற்கான 'ஒய்' எழுத்தை அமுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. பென்டிரைவ் என் சட்டைப்பையில் காலியாக இருந்தது.

கல்லூரி வாசலில் சொன்னேன். "லேப்டாப்பைக் கெடுத்துப்போட்டேங்கக்கா. ஸ்லைடு வராது."

அவள் திட்டவில்லை. "அது கேட்டதைப் படிச்சயா கண்ணு?" என்றாள்.

இல்லை என்றேன். அவளுடைய கைடிடம் இருந்ததோ ஆறு மாசப் பழைய வரைவு. சாக்பீஸ் தேடிப் போனாள்.

முதல் கோட்டை இரண்டு தடவை அழித்துத் திரும்பப் போட்டாள். ஒரு மணி நேரம், அத்தனை வரைபடத்தையும் நினைவிலிருந்தே போர்டில் போட்டாள். நான் குனிந்து அழுதேன். பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்து அப்பா முதுகைத் தடவிக்கொடுத்தார். அது இன்னும் வலித்தது.

பட்டம் கிடைத்துவிட்டது. டீ குடிக்கும்போது அப்பா தேர்வாளரிடம் பெருமையாகச் சொன்னார்: "பையந்தானுங்க கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பாத்துக்கிட்டான்." அவர் சாக்பீஸ் தூளாக நின்ற அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படீங்களா என்றார்.

ஸ்லைடுகள் பத்திரமாகத்தான் இருந்தன. அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப்பில் எடுத்தேன். யாருக்கு வேண்டும்?

அதன்பிறகு நான் வீட்டில் எதற்குச் "சரிங்க" என்றாலும் அக்காவிடமிருந்து ஒரே கேள்விதான். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், எல்லோர் முன்னாலும், மாப்பிள்ளைக்குச் சம்மதமுங்களா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"படிச்சயா கண்ணு?"

அப்போதுதான் நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் சரிங்க என்றேன்.