கால் பட்டால் கும்பிடு

யார் மேலாவது கால் பட்டுவிட்டால் உடனே குனிந்து, அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து ஜூடோ பக்கம் போகாதீர்கள். நான் போனேன். பட்டேன்.

எழுபதுகளில், சித்திரபுரத்துப் பக்கம் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். மற்ற பள்ளிகளில் கோகோ, கபடி என்று இருக்க, எங்கள் பள்ளியில் மட்டும் ஜூடோ. பட்டாளத்தில் அதைக் கற்றுவந்த வர்கீஸ் சார்தான் டிரில் மாஸ்டர். தகரக் கொட்டகைக்குள் தேங்காய்நார் மெத்தையைப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, எங்களைப் புரட்டி எடுத்தார். எனக்கு அந்த விளையாட்டின் மேல் வெறியே பிடித்துவிட்டது. (படிப்பின் மேல் பிடித்திருந்தால் டாக்டராகியிருப்பேன்.)

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. தேயிலை கிள்ளிவிட்டு வந்த அலுப்போடு ஒரே போடாகப் போட்டாள்.

"ஆளு மேல கால வீசுத வெளையாட்டு பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குட்டி? மட்டு மரியாத தெரியாமப் போயிரும்."

கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாக்கு வாங்கினேன். பள்ளியில் நடக்கும் தேர்வுப் போட்டியைப் பார்க்க அம்மா வருவாள். ஜெயித்தால் கோட்டயத்துப் போட்டிக்குப் போகலாம். தோற்றால் ஜூடோவுக்கு அன்றோடு முழுக்கு.

என் பலம் காலைத் தட்டிவிடுவது. எதிராளி அடியெடுத்து வைக்கும் நேரம் பார்த்து அவள் பாதத்தை என் பாதத்தால் தட்டினால் போதும், ஆள் மல்லாந்துவிடுவாள். என் பலவீனமும் அதேதான். தட்டிய மறு நொடி, அவள் விழும் முன்பே, என் கை தானாகக் கீழே போய் அவளைத் தொட்டு, என் கண்ணுக்கு வரும். அதற்குள் அவள் சுதாரித்துக்கொண்டு என்னைக் கவிழ்த்துவிடுவாள்.

"எந்தா கொச்சே, இது அம்பலமா? கோயில்ல போய்க் கும்பிடு!" என்று மலையாளமும் தமிழும் கலந்து கத்தி வர்கீஸ் சார் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்தப் பழக்கத்தை ஒழித்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். வீட்டில் எதையாவது உதைத்துவிட்டுக் கும்பிடாமல் நிற்கப் பழக வேண்டும், அவ்வளவுதானே? ஆனால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் உதைக்கத் தகுந்த பொருள் ஒன்றுகூட இல்லை. அரிசி மூட்டை லட்சுமி. விளக்குமாறும் லட்சுமி. புத்தகப் பை சரஸ்வதி. வாசலோரத் தேயிலைச் செடியை உதைத்துப் பார்த்தேன். "சோறு போடுத செடியவாட்டி மிதிக்க?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். கடைசியில் தண்ணீர்க் குழாய்க்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைதான் வாய்த்தது. மழையிலும் பனியிலும் கால் வீங்க வீங்க உதைத்தேன். கைகளை இடுப்போடு ரிப்பனால் கட்டிக்கொண்டும் உதைத்தேன். ஒரு வழியாகக் கை அடங்கியது.

போட்டி நாள். எதிரே பத்தாம் வகுப்பு ஏலியம்மா, என்னைவிட ஒரு தலை உயரம். முன்வரிசையில் அம்மா, முந்தானையைத் திருகியபடி. நடுவராகக் கோட்டயத்திலிருந்து நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் வந்திருந்தார்.

முதல் தட்டிலேயே ஏலியம்மா பக்கவாட்டில் விழுந்தாள். அரைப் புள்ளி! என் கை அசையவே இல்லை. வர்கீஸ் சார் துள்ளிக் குதித்தார். இன்னொரு தட்டு, அப்புறம் கோட்டயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை வீசினேன். ஏலியம்மா சட்டென்று விலகினாள். என் கால் போய் நடுவரின் கணுக்காலில் பட்டது.

நான் ஏலியம்மாவின் காலுக்குத்தான் பழகியிருந்தேன். பெரியவர் காலுக்குப் பழகவில்லை.

"ஐயையோ, மன்னிச்சிருங்கய்யா!" என்று அலறி, ஏலியம்மாவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். (அவசரமில்லாமல், பக்தியோடு.)

ஏலியம்மா விடுவாளா? பின்னாலிருந்து இடுப்புப் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. அடுத்து நான் பார்த்தது கூரைத் தகரம். அவளுக்கு முழுப் புள்ளி, அதோடு வெற்றியும்.

நடுவருக்கே சிரிப்பு அடங்கவில்லை. நான் மல்லாந்தபடியே அழுதேன். அம்மா எழுந்து வந்தாள். ஜூடோ முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாத்தியளா சார், எம் பிள்ளைய! கால் பட்டதும் குனிஞ்சிட்டா பாருங்க. இந்த வெளையாட்டு ஆடியும் மரியாத போகல. இனிமே தாராளமா ஆடட்டும்!"

வர்கீஸ் சார் நொந்துபோனார். "அம்மே, அந்த மரியாதையாலதானே தோத்தது!"

மறு வருஷம் கோட்டயம் போனேன். ஜெயித்தும் வந்தேன். அதை எங்கள் வீட்டில் ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் யார் கால் யார் மேல் பட்டாலும், என் பேத்தி உட்பட எல்லோரும் தவறாமல் சொல்கிறார்கள்: "கும்பிடு. ஆனா முதல்ல முதுகுப் பக்கம் பாத்துக்க."