வயர் சொருகாத கிடார்

ஒரு வீட்டில் நல்ல பிள்ளை ஒன்று இருந்து, அதற்கு நிரந்தர வேலையும் இருந்து, குடிப்பழக்கமும் இல்லாமல் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு வேறு ஏதாவது ஒரு கஷ்டம் வந்தே தீரும். என் மகன் ஜெரோமுக்கு வந்தது பேஸ் கிடார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேஸ் கிடார் என்றால் நாலு கம்பி, தடித்த கம்பி. அதைத் தனியாக வாசித்தால் பாட்டு வராது. பாட்டுக்கு அடியில் தரை மாதிரி ஒரு சத்தம்தான் வரும். சாம்பாரில் பெருங்காயம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருங்காயம் பிரமாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போடாவிட்டால் மட்டும் தட்டைத் தள்ளி வைப்பார்கள். அதற்காக வெறும் பெருங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டு யாரும் சாப்பிடவும் முடியாது. ஜெரோம் இரண்டு வருஷமாக அந்த வெறும் பெருங்காயத்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் அறைக்குள் போய் வாசிப்பான். சமையலறையில் என் டம்ளர்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும்.

"அம்மா, நாலு பேரோட சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசிச்சாப் போதும்மா. வேற எதுவும் கேக்கல," என்பான்.

நானும் ஜெபத்தில் வைத்தேன். மகளுக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்டதற்கே ஆறு மாதத்தில் பதில் வந்தது. இதற்கு வரவில்லை.

முதலில் பெருங்களத்தூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து கிடாரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அதனால் நானும் போனேன். கிளப் ஹவுஸில் ஒரே மாதிரி கறுப்பு டீ-ஷர்ட் போட்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பெயர் அனந்தகிருஷ்ணன். பேண்டின் நிறுவனர்.

"ப்ரோ, முதல்ல உங்க ஸ்டோரி சொல்லுங்க," என்றார்.

"செம்பாக்கம் சார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. பேஸ் வாசிப்பேன்."

"அது தகவல் ப்ரோ. நான் கேக்கறது ஸ்டோரி. ஒரு வலி. ஒரு தேடல்."

ஜெரோம் நேர்மையாக யோசித்தான். "இப்ப வரும்போது ஜி.எஸ்.டி. ரோடு சிக்னல்ல முக்கால் மணி நேரம் நின்னோம்."

அவர் அதை ஏற்கவில்லை. "இன்ஸ்டால எத்தனை ஃபாலோயர்ஸ்?"

"நாப்பத்தொண்ணு."

"அதுல சொந்தக்காரங்க?"

"அக்கா, மாமா, அம்மா..."

"நான் இல்லடா, எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது," என்றேன். பொய்க்கணக்கு என் பெயரில் ஏறக்கூடாது அல்லவா?

"அப்ப நாப்பதுக்கும் கீழ," என்று நிறுவனர் முகத்தைச் சுளித்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "தம்பி, உங்க பேண்டுல யார் யார் என்னென்ன வாசிக்கிறீங்க?"

"நான் விஷன் ஆன்ட்டி. இவர் பிராண்டிங். இவங்க சோஷியல் மீடியா. அவர் போட்டோ."

"பாட்டு?"

"பாட்டு அடுத்த வருஷம். இப்பத்தான் போட்டோஷூட் முடிஞ்சிருக்கு."

ஜெரோம் உறையின் ஜிப்பைத் திறந்தான். "ஒரு நிமிஷம் வாசிச்சுக் காட்டட்டுமா சார்?"

"வேணாம் ப்ரோ," என்று அவர் பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "வாசிக்கறதை வச்சு நாங்க யாரையும் ஜட்ஜ் பண்றதில்ல."

முகம் மிகவும் நல்ல பையன் மாதிரி இருக்கிறது என்ற குற்றச்சாட்டின் பேரில் ஜெரோம் நிராகரிக்கப்பட்டான். பெற்றவள் என்ற முறையில் அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அடுத்தது மேற்குத் தாம்பரம். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் கச்சேரி நடத்தும் குப்புராஜ் அண்ணன் கிடாரைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, நாலு கம்பிதான் கீது? மீதி ரெண்டு இன்னா ஆச்சு?"

"பேஸுக்கு நாலுதாண்ணா."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பொண்ணு வூட்டுக்காரனுக்குத் தெரியுமா? சாப்ட்டுகினே எண்ணுவான்பா. 'இன்னாயா, பாதி உருவிட்டு கொண்டாந்துகீறான்'னு சண்டைக்கு வந்தா பேஜாராப் பூடும். ரெண்டு கம்பி சும்மாவாவது கட்டிகினு வா. சேத்துக்கறேன்."

ஜெரோம் கட்டவில்லை. அந்த அளவுக்குக் கர்வம் அவனுக்கு இருந்தது. கிடாரை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான்.

கடைசியில் எங்கள் சபைக்கே போனோம். ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சர்ச்தான் எங்கள் சபை. கீபோர்ட் வாசிக்கப் பிளஸ்ஸி, எலக்ட்ரானிக் டிரம்ஸ் தட்ட டேனியல், பாட ஒரு பெண் என்று மூன்று பேர் கொண்ட இசைக்குழு அங்கே உண்டு. அதைக் கண்காணிக்க ஒன்பது பேர் கொண்ட கமிட்டியும் உண்டு. கன்வீனர் ஜோசலின் அக்கா. ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம்தான் அவரைவிட்டுப் போயிற்று. அவர் அலுவலகத்தை விடவில்லை.

"இசைக்குழுவுல சேர ரெண்டு வருஷ அனுபவம் வேணும்," என்றார்.

"எதுல அனுபவம்க்கா?" என்றேன்.

"இசைக்குழுவுல."

"எந்த இசைக்குழுவுல?"

"நம்ம இசைக்குழுவுலதான். வெளிய வாசிச்சவங்களை மேடை ஏத்தக்கூடாதுன்னு விதி இருக்கே!"

"அப்படின்னா புதுசா ஒருத்தர்கூடச் சேர முடியாதேக்கா?"

"அதனாலதான்மா தரம் குறையாம இருக்கு."

ஆகவே ஜெரோமின் விண்ணப்பம் மேற்படி கமிட்டியின் தீவிரப் பரிசீலனையில் இருந்தது. அதாவது, அதை யாரும் தொடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அது மிக மரியாதையாக ஒத்திவைக்கப்பட்டு வந்தது. அந்த நேரத்தில்தான் முடிச்சூர்ப் பக்கம் ஒரு சபையில் ஆராதனையை யூடியூபில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தார்கள். பார்த்தால், மேடையில் கிடாரோடு சேர்த்து ஐந்து பேர் நிற்கிறார்கள்!

எங்கள் கமிட்டி அவசரமாகக் கூடியது. நம் மேடையில் வலது பக்கம் காலியாகத் தெரிகிறது என்றும், அது நம் சாட்சிக்கு, அதாவது சபையின் நல்ல பெயருக்கு, கேடு என்றும், அந்த இடத்தை உடனடியாக நிரப்பவேண்டும் என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஜெரோமின் உயரம் பொருத்தமாக இருந்தது. இரண்டு வருஷ விதி தளர்த்தப்பட்டது. மெரூன் கலர் கோட்டுக்கு அளவு எடுத்தார்கள்.

கோட்டு தைத்து வந்த அன்று ஜோசலின் அக்கா அவனைத் தூண் மறைவுக்குக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"தம்பி, உனக்கு மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. மத்தவங்க எல்லாரும் வாசிப்பாங்க. நீ மட்டும் கொஞ்ச நாளைக்கு வயரைச் சொருகாம வாசி."

ஜெரோம் விழித்தான். "சொருகலைன்னா சத்தமே வராதேக்கா?"

"வரவேணாம்பா. கீபோர்டுலயே பேஸ் இருக்கு. ரெண்டு பேஸ் கேட்டா சபைக்குக் குழப்பம்."

"எவ்வளவு நாளைக்குக்கா?"

"அனுபவம் வர்ற வரைக்கும்."

"சத்தமே வராம எப்படி அனுபவம் வரும்?"

"நிக்கறதுதான்பா அனுபவம்! நான் முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் கோபப்பட்டேன். ஜெரோம் என் கையைப் பிடித்து அழுத்தினான். "பரவாயில்லம்மா. நாலு பேரோட நிக்கறேன்ல. ஒருநாள் சொருகச் சொல்லுவாங்க."

அந்த ஒரு நாளுக்காக அவன் முன்பைவிட அதிகமாகப் பயிற்சி செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மேடையில் நின்று ஒரு சுரம் பிசகாமல் சத்தமே இல்லாமல் வாசித்தான். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அப்படி இல்லை.

"உங்க பையன் வாசிக்கறப்ப நெஞ்சுக்கூடே அதிருதுக்கா," என்றாள் என் வரிசையில் உட்காரும் சத்யபிரியா.

"வயரே காணோமே, லேட்டஸ்ட் மாடலா தம்பி?" என்று வாலிபர்கள் கேட்டார்கள்.

"வயர் இல்லங்க," என்பான் ஜெரோம். பொய் சொல்லக்கூடாது என்று வளர்த்த பிள்ளை.

இரண்டே மாதத்தில் வயர் தெரிய வாசிப்பது நாட்டுப்புறத்தனம் என்று ஆகிவிட்டது. சேலையூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் வயரைப் பிடுங்கிவிட்டு வாசித்தார்கள். பெற்றோர் எழுந்து நின்று கை தட்டினார்கள். முடிச்சூர்க்காரர்களும் பார்த்தார்கள். அடுத்த வாரம் அவர்கள் மேடையிலும் வயரைக் காணோம். எங்கள் கமிட்டி இதற்காக ஒரு நன்றிக் கூட்டம் வைத்தது. நன்றி ஜோசலின் அக்காவுக்கு.

அப்புறம் அறுப்பின் பண்டிகை வந்தது. வாசலில் வாழைமரம், பீடத்தைச் சுற்றிப் பூசணிக்காயும் கரும்பும். முந்நூறு பேர். முடிச்சூரைப் பார்த்து நாங்களும் ஆரம்பித்திருந்த நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு. சத்தம் கூரையைத் தூக்கியது. ஜெரோம் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று பாட்டு அறுந்தது. ஸ்பீக்கரில் டிரிங் டிரிங் என்று மணி அடித்தது. தூண் பக்கத்து அலமாரியில் இருந்த தன் செல்போனை நோக்கி ஜோசலின் அக்கா பாய்ந்தார். அவசரத்தில் அணைப்பதற்குப் பதிலாக எடுத்துவிட்டார்.

"அக்கா!" என்று ஆலயம் முழுக்க ஒரு குரல் முழங்கியது. "தண்ணி கேன் போட வந்துகீறேன்! இன்னாக்கா, வூடு பூட்டிக்கீது? காலி கேன் எங்க வெச்சிக்கீற?"

அக்கா பதறிப்போய் போனையே அணைத்தார். அதன் பிறகு சத்தம் இல்லை. மின்சாரம் இருந்தது. மின்விசிறி சுற்றியது. பாடகியின் மைக்கில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் பாட்டு இல்லை. கீபோர்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, பாடகியின் குரலும் இல்லை. எல்லாமே இத்தனை நாளும் அந்தப் போனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. சபையும் பாடவில்லை. முந்நூறு பேரின் உதடுகள் அழகாக அசைந்துகொண்டிருந்தன. ஒரு குரல்கூட வரவில்லை. ஏதோ பெரிய கன்வென்ஷன் கூட்டத்தில் பதிவு செய்த ஜனங்களின் சத்தமும் அந்தப் போனிலேயே இருந்திருக்கிறது. நாங்கள் கேட்டு நெகிழ்ந்தது அவர்களை.

உதடுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அந்த அமைதியில், முன் வரிசையில் இருந்த எனக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி. ஜெரோமின் கம்பி. அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. அதோடு தொப் தொப் என்று டேனியலின் குச்சி ரப்பரில் விழுந்தது. டொக் டொக் என்று பிளஸ்ஸியின் விரல் கட்டைகளில் இறங்கியது. மூவரும் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நிறுத்தவில்லை. பாட்டின் கடைசி வரை போய், ஒரே இடத்தில், ஒன்றாக முடித்தார்கள். பாடகி மட்டும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்துப் போயிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஒரே சண்டை.

"என்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க மச்சான்! 'மத்தவங்க எல்லாம் வாசிக்கறாங்க, உனக்கு மட்டும் லைன் கிடையாது'ன்னு," என்றான் டேனியல்.

"எனக்கு நாலு வருஷமா அதே கதை," என்றாள் பிளஸ்ஸி. "லைட் மட்டும் எரியும். ஜெரோம், நீ கடைசிச் சரணத்துல லேட்டு."

"நான் லேட்டா? நீதான் அவசரமா ஓடுன!"

"ரெண்டு பேருமே ஓடுனீங்க, நான்தான் பிடிச்சு நிறுத்துனேன்!"

ஜெரோம் திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தான். இரண்டு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்படியே மூவருமாக ஜோசலின் அக்காவிடம் போய், அடுத்த வாரம் ஒரே ஒரு பாட்டு, வயரைச் சொருகி வாசிக்க அனுமதி கேட்டார்கள்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. சபையாரும் வரலாம் என்றார்கள். நாற்பது பேர் போயிருந்தோம். ஜோசலின் அக்கா தீர்மானங்களை வாசித்தார்.

"ஒன்று. ஞாயிறு காலையில் தண்ணீர் கேன்காரர்கள் கன்வீனரை அழைக்கக்கூடாது. இரண்டு. பண்டிகை ஆராதனையின்போது மேடையிலிருந்து அனுமதியின்றிச் சத்தம் வந்தது. இது மீண்டும் நிகழாதபடி, இனிமேல் கிடாரைக் கம்பிகளைக் கழற்றிவிட்டே கொண்டுவர வேண்டும். டிரம்ஸ் குச்சிகளுக்குப் பஞ்சு சுற்றப்படும். கீபோர்டின் மேல் துணி விரிக்கப்படும். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்."

யாரும் அசையவில்லை. கதவோரம் நின்ற ஜெரோமைப் பார்த்தேன். அவன் கிடாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான், சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது என்னைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

நான் எழுந்தேன். இந்தச் சபையில் நான் எதிர்த்து எழுந்தது அதுவே முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

நான் எழுந்தால் ஜெபம் பண்ணத்தான் எழுவேன் என்று அத்தனை பேருக்கும் பழக்கம். நாற்பது பேரும் உடனே தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், முடிவு ஜெபம் ஆகிவிட்டது என்று நினைத்து ஜோசலின் அக்கா போனைத் தட்டினார்.

"ஆமென்!" என்று ஸ்பீக்கரில் ஆயிரம் பேர் முழங்கினார்கள்.

அறையில் ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. என் உதடு மட்டும் பழக்கத்தில் அதற்குச் சரியாக அசைந்தது.