மைப்பெட்டியில் வந்த வெள்ளைக் கரடி

செவ்வாய்க்கிழமை வந்தால் புதுவாயல் கூட்டுரோட்டில் டீக்கடைக்காரருக்குப் பால் போதாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியவர்கள், நேராக பாக்கியராஜின் பிரவுசிங் சென்டர் வாசலில் போய் வரிசையில் நிற்பார்கள். கடம்பத்தூரிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் ஆர்.கே.பேட்டையிலிருந்து வேன் பேசி வந்தவர்களும் அவர்களுக்கு முன்னாலேயே இடம் பிடித்திருப்பார்கள். ஆதார் திருத்த வந்த கூட்டம் என்று நினைத்தால் நீங்கள் ஊருக்குப் புதுசு. சென்டரின் பின்னறையில் மைப்பெட்டிச் சாமி எழுந்தருளியிருக்கிறார்!

சாமியின் பழைய பெயர் ஆதிநாராயணன். பிரிண்டருக்கு மை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் அந்த மையிலேயே அம்பாள் காட்சி கொடுத்தாளாம். உலகத்தில் எத்தனையோ இடமிருக்க, அம்பாள் ஏன் பிரிண்டர் மைக்குள் போய் உட்கார்ந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடுமே!

சாமியின் முன்னால் ஒரு கறுப்பு மரப்பெட்டி. உள்ளே வெற்றிலை, வெற்றிலையில் மை. பெட்டிமேல் சிவப்புத் துணி. பழைய காலத்துப் போட்டோகிராபரைப் போல அந்தத் துணிக்குள் தலையை விட்டு, உங்கள் மனதில் இருப்பதை அப்படியே சொல்லுவார். வேறு யாராவது எட்டிப் பார்த்தால் கண் அவிந்துவிடும். சாமிக்கு மட்டும் அவியாது, அவர் ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கியவர்.

விதிகளும் உண்டு. குறையை வாயால் சொல்லக்கூடாது. செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் செல்போன் அலை மையைக் கலக்கிவிடும். ஆனால் முறை வரும்வரை பக்தர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று பாக்கியராஜ் கம்ப்யூட்டர்களைத் திறந்துவிட்டிருந்தார். நெட் இலவசம்! சாமியின் கருணை! சுவரில் ஒரு அறிவிப்பும் ஒட்டியிருந்தார்: "பார்த்து முடித்ததும் ஹிஸ்டரியை அழித்துவிடவும். உங்கள் ரகசியம் உங்களுக்கே." இவ்வளவு யோக்கியமான மனுஷன் யாருக்குக் கிடைப்பார்?

செல்லைப் பிடுங்கிக்கொண்டால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது தேய்க்க வேண்டும், எதையாவது தேட வேண்டும். தேடினார்கள். தேடிவிட்டு அறிவிப்பில் சொன்னபடி பயபக்தியாக அழித்தார்கள். அப்புறம் உள்ளே போய், தேடியது அத்தனையும் சாமி வாயால் வருவதைக் கேட்டு மெய்சிலிர்த்தார்கள். ஞாயிறு சர்ச், செவ்வாய் சாமி என்று இரண்டு பக்கமும் துண்டு போட்டு வைத்திருந்த சூப்பர்வைசர் ஜோசப்பிடம், "நைனா, உன் கவலை உன் தலைமேலயே கீது" என்று சாமி சொன்னபோது, ஜோசப் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு கண்கலங்கி வெளியே வந்தார்.

அஸ்வினிக்கு இந்தச் சாமியோடு தகராறு எதுவும் இருந்ததில்லை, தன் கல்யாணத்தில் அவர் கை வைக்கும்வரை.

அஸ்வினி ஒரு பேக்கிங் கம்பெனியில் டிஸ்பேட்ச் பிரிவில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். பழவேற்காட்டிலிருந்து வந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அருண்பாண்டியனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும் அவளைப் பிடித்திருந்தது. அதிசயமாக, இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தது. பூ வைத்து முடித்தாகிவிட்டது. அவள் அம்மா அஞ்சம்மாள், கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவள், எதற்கும் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோமே என்று மாப்பிள்ளையைக் கையோடு அழைத்துப் போனாள். அங்கேதான் பிடித்தது சனி.

சாமி துணிக்குள் தலையை விட்டார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"அம்மாடி, கிளிப்பச்சைப் பொடவ கட்டுன பொம்பள ஒருத்தி, இடுப்புல கை வெச்சிகினு சைடா பாத்துகினு நிக்கிறா."

அஞ்சம்மாள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்தது.

"ஒருத்தியா?" என்றார் சாமி மறுபடி குனிந்து. "அய்யய்யோ, வரிசையா நிக்கிறாளுங்கம்மா! எல்லாம் இவன் மனசுல!"

அன்றைக்கே பூத்தட்டு திரும்பிப் போனது.

மாலையில் அருண்பாண்டியன் போனில் அழாத குறையாகப் பேசினான். "அஸ்வினி, சத்தியமா உனக்கு நலங்குப் பொடவதான் பாத்துகினு இருந்தேன். செல்ல வாங்கி வெச்சிட்டானுங்க, சும்மா இருக்கமேன்னு அங்க கீற கம்ப்யூட்டர்ல பாத்தேன். உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு எல்லாத்தயும் அழிச்சிட்டேன். அழிச்சத எப்டிப் பாத்தாரு? எனக்கே பயமா கீது. சாமிக்கு நெஜமாவே சக்தி இருக்குமோ?"

"நீ வேற!" என்றாள் அஸ்வினி. "மூடு வாய."

தன்னைக் கெடுத்தவனையே கும்பிடுகிற ஆளைக் கட்டிக்கொள்வதா என்று அவளுக்கு ஒரு கணம் கோபம் வந்தது உண்மை. ஆனால் பாவம், நல்ல பையன். அம்மாவிடம் எடுத்துச் சொன்னாள். அஞ்சம்மாள் மசிவாளா?

"பொடவையப் பாத்தானாம் பொடவைய! உள்ளாற இருந்த பொம்பளைங்க இவன் கண்ணுல படலியாமா? என் பொண்ண இவனுக்குக் கட்டிக் குடுத்துட்டு நான் காலம்பூரா பேஜார் படணுமா?"

அழித்ததை எப்படிப் பார்த்தார்? அஸ்வினியை அந்தக் கேள்விதான் குடைந்தது. குடையக் குடைய ஒரு சம்பவம் ஞாபகம் வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒருமுறை இடமில்லாமல் திணறி நின்றது. சர்வீஸுக்கு வந்த பெண், 'மறைந்திருப்பதைக் காட்டு' என்ற இடத்தில் ஒரு டிக் அடித்தாள். அதுவரை இல்லாத ஒரு ஃபோல்டர் மங்கலாக முளைத்தது. அதற்குள் யார் யாரோ எப்போதோ பார்த்த படமெல்லாம் குப்பையாய்க் குவிந்திருந்தது. ஹிஸ்டரியை மட்டும் அழித்தால் போன இடத்தின் பெயர்தான் அழியும், பார்த்த படம் கேஷ் ஃபோல்டரில் தங்கிவிடும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். குக்கி என்பதும் தின்கிற பிஸ்கட் இல்லையாம். நீ எந்தக் கடைக்குள் நுழைந்தாயோ, அந்தக் கடைக்காரன் உனக்குத் தெரியாமல் உன் பையில் போட்டுவிடுகிற துண்டுச் சீட்டாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அஸ்வினி லீவு போட்டாள்.

"இன்னொரு தபா சாமியக் கேப்போம்மா. அந்தப் பொம்பளைங்க போயிட்டாளுங்களான்னு பாப்போம்" என்றாள். அஞ்சம்மாளுக்கு உள்ளுக்குள் அந்த மாப்பிள்ளைமேல் ஆசைதான், உடனே கிளம்பிவிட்டாள். துணைக்கு கேன்டீனில் கூட வேலை செய்யும் சாராளையும் கூட்டிக்கொண்டார்கள்.

செல்போன்களைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் அஸ்வினி சொன்னாள்: "நீ கண்ண மூடிக்கினு கல்யாணத்த மட்டும் நெனச்சிகினே இரும்மா. வேற எதயும் நெனைக்காத."

அஞ்சம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போன வாரம் மாப்பிள்ளை உட்கார்ந்த அதே கம்ப்யூட்டரில் அஸ்வினி வெள்ளைக் கரடிகளைத் தேடினாள். பனிமேல் நிற்கும் கரடி, கொட்டாவி விடும் கரடி, இரண்டு குட்டிகளோடு படுத்திருக்கும் கரடி. ஒவ்வொன்றையும் பெரிசாக்கிப் பார்த்தாள். பிறகு அறிவிப்புப்படி ஹிஸ்டரியை ஒழுங்காக அழித்தாள். சாராள் காதில் குனிந்து, "அக்கா, இன்னிக்கி எங்கம்மா மனசுல சாமி வெள்ளைக் கரடி பாப்பாரு. பாத்துக்கினே இரு" என்றாள்.

"போடி பைத்தியக்காரி" என்றாள் சாராள்.

முறை வந்தது. பின்னறைக் கதவருகே பக்தர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சாமி துணிக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து, மறுபடி விட்டார். பெட்டிக்குள் எதிர்பாராத விருந்தாளி வந்திருக்க வேண்டும்.

"அம்மா... வெள்ளையா... பெருசா ஒரு உருவம்..."

"மாப்ள கறுப்பாச்சே சாமி?"

"ஒடம்பெல்லாம் ரோமம்..."

"அவங்க நைனாவுக்கு மார்ல காதுல எல்லாம் ரோமம் உண்டு சாமி!" அஞ்சம்மாள் கைகூப்பினாள்.

சாமிக்கு உயிர் வந்தது. "ஆங்! அதேதான். ஐஸ்மேல நிக்குது. சுத்திலும் ஐஸ்."

"அய்யோ, பழவேற்காட்டுல அவங்க மாமன் ஐஸ் கம்பெனி வெச்சிகிறாரு! மீனுக்கு ஐஸ் போடுறவரு!"

கூட்டம் 'உச்' கொட்டியது. பார்த்தீர்களா, சாமி பாதிதான் சொல்கிறார், மீதியைப் பக்தர்களே தங்கள் சொந்தச் செலவில் போட்டுக்கொள்கிறார்கள்!

"அது பக்கத்துல குட்டிங்க... ரெண்டு கீது."

அஞ்சம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! ஏற்கெனவே ரெண்டு புள்ளையா! ஐஸ் கம்பெனியில குடும்பத்தயே மறச்சி வெச்சிருக்கானா!"

"அதேதாம்மா! எனக்குத் தோணுச்சு, நீ மனசு ஒடஞ்சிடுவியேன்னு சொல்லல" என்றார் சாமி.

அப்போது கதவருகே சாராள் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சாமி, அது அவங்க நைனா இல்ல. வெள்ளைக் கரடி" என்றாள் அஸ்வினி. "சாராளக்கா, நான் முன்னாடியே இன்னா சொன்னேன்?"

"கரடின்னுதான்டி சொன்னே!"

அஸ்வினி யாரையும் கேட்காமல் அதே கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தாள். பாக்கியராஜ் "ஏம்மா, ஏம்மா" என்று ஓடி வந்தார், கூட்டம் அவரை உள்ளே விடவில்லை. சி டிரைவைத் திறந்தாள். மறைந்திருப்பதைக் காட்டு என்ற இடத்தில் ஒரு டிக். மங்கலாக ஃபோல்டர் முளைத்தது. உள்ளே போனால் பிரவுசரின் பெயர், அதற்கும் உள்ளே கேஷ். பெயர் புரியாத கோப்புகள். ஒன்றின் பெயருக்குப் பின்னால் படத்துக்குரிய '.jpg' என்ற வாலை ஒட்டிவிட்டுத் திறந்தாள். கரடி! இன்னொன்று. கரடியும் குட்டிகளும்! கொஞ்சம் பழையதாக ஒன்றைத் திறந்தாள். கிளிப்பச்சைப் புடவை கட்டிய பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சைடாகப் பார்த்தாள். அடுத்தது மாம்பழக் கலர், அடுத்தது ஊதா. புடவைக் கடை விளம்பரம் வரிசையாக நின்றது.

"இவங்கதாம்மா உன் மாப்ள மனசுல இருந்த பொம்பளைங்க. ஹிஸ்டரிய அழிச்சா எல்லாம் போயிடும்னு நெனச்சிட்டாரு. சாமியும் பாக்கியராஜும் உங்க எல்லாரயும் அப்டிதான் நெனைக்க வெச்சாங்க."

அவள் கை அடுத்த கோப்புக்குப் போனது. திரையில் ஒரு விக் வந்தது. சுருட்டை முடி விக்.

"மூடு! மூடுமா அத!" என்று கத்தினார் சூப்பர்வைசர் ஜோசப்.

அந்த நொடியில்தான் கூட்டத்துக்கு உறைத்தது. ஏமாந்தோம் என்றல்ல, அதற்கு இன்னும் நேரமிருந்தது. 'நான் பார்த்ததும் உள்ளே இருக்குமே!' என்று உறைத்தது. எத்தனை பேர் முகம் எத்தனை நிறம் மாறியது என்று அஸ்வினி நாகரிகம் கருதிப் பார்க்கவில்லை.

சாமி அவ்வளவு சுலபமாக விடுவாரா? பின்னறையிலிருந்து எழுந்து வந்து கை உயர்த்தினார். "பக்தர்களே! அம்பாளுக்கு எல்லா எடமும் எடம்தான். அந்த ஃபோல்டருக்குள்ளாறயும் அம்பாள்தான் உக்காந்துகினு கீறா!"

வெட்கக்கேடு, நாலைந்து தலைகள் ஆடின.

"சரி சாமி" என்றாள் அஸ்வினி. "கம்ப்யூட்டரத் தொடாத ஒருத்தர் மனசுல கீறதச் சொல்லுங்க. இதோ சாராளக்கா எதயும் தொடல. அக்கா, முதல்ல அந்த மெயின் சுவிட்ச எறக்கு. அம்பாளுக்குக் கரண்ட் எதுக்கு?"

சாராள் போய் டப்பென்று இறக்கினாள். ஃபேன் நின்றது. சாமி துணிக்குள் தலையை விட்டார். வேர்த்தது. உள்ளேயிருந்து, "இருட்டா கீது" என்று ஈனக்குரல் வந்தது. "அம்பாள் இன்னிக்கி மௌனம்."

"நான் இன்னா நெனச்சேன்னு நானே சொல்லட்டுமா?" என்று சாராள் சிவப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள். யாருக்கும் கண் அவியவில்லை. வாடிய வெற்றிலைக்குப் பக்கத்தில், பெட்டிக்குள் ஒரு சின்னத் திரை. அதிலிருந்து ஒரு ஒயர் சுவரைத் துளைத்துக்கொண்டு பாக்கியராஜின் மேஜைக்குப் போனது. மறுபடி சுவிட்சைப் போட்டு, அந்த மேஜையிலிருந்த கம்ப்யூட்டர் வழியாக அதே கேஷ் ஃபோல்டரைத் திறந்தார்கள். பெட்டித் திரையில் கரடி கொட்டாவி விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிப்பானேன். சாமியையும் பாக்கியராஜையும் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு, பக்தகோடிகள் மறுபடி அதே வாசலில் வரிசையில் நின்றார்கள், அஸ்வினியிடம் தங்கள் குப்பையை அழித்துக்கொள்ள. ஜோசப்தான் முதல் ஆள்.

மறுநாள் அருண்பாண்டியன் பூத்தட்டும் கிளிப்பச்சைப் புடவையுமாக வந்து நின்றான். அஞ்சம்மாள் பிரித்துப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பூத்தட்டைத் தானே வாங்கி உள்ளே வைத்தாள். அஸ்வினிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மா திருந்திவிட்டாள்!

"பொடவ நல்லாத்தான் கீது" என்றாள் அஞ்சம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அஸ்வினி, கல்யாண நேரத்துல கரடி வந்து நின்னுச்சே, அது நல்லதா கெட்டதா? ஆர்.கே.பேட்டையில ஒரு அம்மா சோழி போட்டுப் பாக்குதாம்..."

அஸ்வினி தாயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கயோ பொதச்சி வெச்ச ஃபோல்டரக்கூட ஒரு டிக் அடிச்சு வெளிய கொண்டாந்துட்டேம்மா. உங்க எல்லாருக்கும் மண்டைக்குள்ள மூளைன்னு ஒண்ணு கீதே, அத வெளிய கொண்டார எங்க டிக் அடிக்கணும்னு சொல்லேன்!"