போட்டி முடிவு வரும்வரை நமக்குள் உறவில்லை

முன்பின் அறிமுகமில்லாத ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தங்கள் நலம் கேட்க ஆசைதான். கேட்டால் சொந்தம் கொண்டாடியதாக ஆகிவிடும் என்பதால் கேட்கவில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை. தங்கள் மகளின் திருமண அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. யார் வீட்டு அழைப்பிதழோ தவறுதலாக நம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தங்கள் அக்கா பார்க்கும் அந்தப் பார்வை தங்களுக்குத் தெரியும். அதாவது, தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் தபால் பிரிவில் வேலை பார்க்கும் வாரப் பத்திரிகை, ஆண்டு மலருக்காகச் சிறுகதைப் போட்டி அறிவித்திருக்கிறது. அதன் நான்காவது விதி, பத்திரிகை ஊழியர்களும் அவர்களுடைய உறவினர்களும் கலந்துகொள்ளக் கூடாது என்கிறது. நான் கதை அனுப்பிவிட்டேன். ஆகவே முடிவு வரும்வரை நமக்குள் உறவில்லை. உறவில்லாத வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்காருவது முறையில்லை. என் மனைவி வருவாள். தங்களுக்கு அவள் அக்கா என்பது அவள் பாடு. நான் வர இயலாது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

இதில் மனவருத்தம் எதுவுமில்லை. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்த காலத்தில் நான் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். பெண் கொடுத்த மாமனாரையே நடுவழியில் இறக்கிவிட்டவன். இன்னொருவர், என் வீட்டுக்குத்தான் பழப்பையோடு வந்துகொண்டிருந்தார், டிக்கெட் எடுக்காமல் தூங்கிவிட்டார். எழுப்பி, அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, பிறகு அந்தப் பழப்பையை நானே தூக்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் சாப்பிடும்போதுகூட என்னோடு பேசவில்லை. அவர் யார் என்பதை இப்போது வெளியிட முடியாத நிலையில் இருக்கிறேன்.

ஓய்வு பெற்ற நாள் முதல் நான் எழுதாத போட்டி இல்லை என்பது தாங்கள் அறிந்ததே, அல்லது யாராவது சொல்லி அறிந்திருக்கலாம். கவிதைப் போட்டி ஒன்றில் பன்னிரண்டு வரிக்கு மிகாமல் என்றார்கள், மிகாமல்தான் எழுதினேன், ஆனால் ஒவ்வொரு வரியும் இந்தத் தாளில் ஏறி அடுத்த தாளில் இறங்கியது, செல்லாது என்றுவிட்டார்கள், சரி போகட்டும் என்று இன்னொன்றுக்கு அனுப்பினால் பரிசு என்று கடிதம் வந்தது, தெருவெல்லாம் சொல்லிவிட்டேன், பரிசு என்னவென்று பார்த்தால் என் கவிதை வந்த தொகுப்பை நானே கட்டாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான், அந்தக் கட்டு இப்போது ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, மேசை ஆடுவதில்லை, அந்த மட்டில் லாபம். அப்புறம் வாசகர் ஓட்டு அதிகம் வாங்கும் கதைக்குப் பரிசு என்று ஒன்று வந்தது, போனில் இருந்த எண்ணுக்கெல்லாம் ஓட்டுக் கேட்டு அனுப்பினேன், பிளம்பர் ஒருவர்தான் பதில் போட்டார், எந்தக் குழாய் என்று. ஆயிரம் சொல்லுக்குள் அடக்க வேண்டிய கதை ஒன்று எவ்வளவு வெட்டியும் அடங்கவில்லை. தங்கள் அக்கா காய் நறுக்கிக்கொண்டே, "அதுல ரெண்டு பேர் சாகுறாங்கல்ல, ஒருத்தர விட்டுடுங்க, அளவு சரியா வந்துடும்" என்றாள். விட்டுவிட்டேன். கதை தேறியது. பரிசுதான் வரவில்லை.

இந்தக் கதை அப்படியில்லை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. ஒரு பெண், யார் வீட்டுப் பெண் என்பது இப்போது வேண்டாம், கல்லூரியில் படிக்கும்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் அவள் போகும் பஸ்ஸில் நான் சோதனைக்கு ஏறுவேன். பஸ்ஸில் நான் மாமா இல்லை என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். "டிக்கெட்" என்று கை நீட்டினால் "இந்தாங்க சார்" என்று நீட்டுவாள். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இருக்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, இன்னிக்கு பஸ்ல ஒரு சிடுமூஞ்சி செக்கர் ஏறினாரு, உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது. இதைத்தான் எழுதியிருக்கிறேன். நான் எழுதியதில் எனக்கே நன்றாக வந்தது இது ஒன்றுதான். இது ஒன்றாவது அச்சில் வரவேண்டும் மச்சான், அதுவும் மச்சான் தயவில் வந்தது என்று எவனும் சொல்லாதபடி வரவேண்டும். ஐயா என்று எழுத வந்து கை தவறிவிட்டது. திருத்திப் படித்துக்கொள்ளவும்.

வீட்டில் நிலைமை சரியில்லை. "என் தம்பி உங்களுக்கு யாரோன்னா அப்ப நான் யாரு?" என்று தங்கள் அக்கா கேட்டாள். நீ என் மனைவி, அவர் உன் தம்பி, நடுவில் இருக்கும் பாதை மட்டும் தற்காலிகமாக மூடப்பட்டிருக்கிறது என்று விளக்கினேன். "அப்ப சாப்பாடும் அந்தப் பாதையிலதான் வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று நானே தோசை ஊற்றினேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

நேற்று சாயங்காலம் போன் வந்தது. "மாமா" என்றது குரல். தவறான எண் என்றேன். உடனே, "சரிங்க சார். அந்த வீட்டுல ஒருத்தர் இருப்பாரு, அவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுறீங்களா? கல்யாணத்தன்னிக்கு முன் வரிசையில அவருக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருக்கேன். வேற யாரையும் உட்கார விடமாட்டேன். அவரு வரலன்னா அது காலியாவே கெடக்கும். நான் அதைப் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன் சார்" என்றாள். "சொல்லிடறேம்மா" என்றேன். அம்மா என்று சொன்னது உறவுக் கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.

சொல்லிவிட்டேன். சம்பந்தப்பட்ட ஆளுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பிள்ளை முகத்தைப் பார்க்காமல் எப்படிடா இருக்கப் போகிறோம் என்று இருக்கிறது மச்சான். ஆனாலும் விதி விதிதான். நான் மற்றவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டவன் இல்லை.

மணமக்கள், யார் பெற்ற பிள்ளைகளாக இருந்தாலும், சிரித்த முகத்தோடு, சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, நெடுங்காலம் வாழட்டும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லாத,
ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர்.

பின்குறிப்பு: மச்சான், மேலே இருப்பதை மறந்துவிடு. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, அதனால் சேர்த்தே அனுப்புகிறேன். கவரை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்தார். என் கதை திரும்பி வந்திருக்கிறது. ஸ்டாம்ப் ஒட்டவில்லையாம். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதினேன், ஓரத்தில் இடம் விட்டேன், கதையில் பெயர் போடவில்லை, பத்திரிகையில் எனக்கு உறவினர் யாரும் இல்லை என்று உறுதிமொழிகூட வைத்தேன். ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று விதிகளில் எங்கும் எழுதவில்லை. பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் கேட்டவனுடைய கதை, டிக்கெட் இல்லாமல் போய் மாட்டிக்கொண்டது. அபராதம் கட்டி வாங்க மறுத்துப் பத்திரிகை ஆபீஸில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன். நீதான். என் எழுத்து உனக்குத் தெரியாதா என்ன, தெரிந்துதான் செய்திருக்கிறாய். பழப்பைக்குப் பதில் சொல்லிவிட்டாய். தப்பில்லை, உன் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

"கடைசித் தேதி முடிஞ்சிடுச்சா சார்? இல்லன்னா ஸ்டாம்ப் என்கிட்டயே இருக்கு, ஒட்டிக் குடுங்க, கையோட எடுத்துட்டுப் போறேன்" என்றார் தபால்காரர். தேதி இன்னும் இருக்கிறது. உன் அக்கா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு புதுச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லாமல் எனக்கு எடுத்த சட்டை. வேண்டாங்க என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டு, அபராதத்தைக் கட்டிக் கவரை வாங்கி, பெட்டியில் அந்தச் சட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நாற்காலியை எடுத்துவிட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல். முதல் நாளே வந்துவிடுகிறோம். இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன், உன் அக்கா தடவிப் பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலம் கதையைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். நீயும் பக்கத்தில் உட்கார வேண்டும். இந்த முறை வாங்க மறுக்க உன்னால் முடியாது.