ஏழாவது பாயிண்ட்

ஒரே மூச்சில் எட்டுச் சொற்களுக்கு மேல் வராது என்பது இரண்டாவது சுற்றிலேயே நகல் சாருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தயார் செய்து வைத்திருந்ததோ பதினாறு சொற்கள்.

முழங்காலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினார். நெஞ்சுக்குள் எண்ணெய் காணாத கதவொன்றை யாரோ திறந்து திறந்து மூடினார்கள். நிமிர்ந்து பார்த்தால், வட்டமான ஓடுதளத்தின் நேர் எதிர்ப்பக்கத்தில் அண்ணனும் முழங்காலில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

கிண்டல் என்று எடுத்துக்கொண்டார் நகல் சார். சின்ன வயதிலும் அப்படித்தான். இவர் தும்மினால் அவரும் தும்மிக் காட்டுவார்.

நகல் சார் குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது எழுதினால், பொருள், பார்வை எல்லாம் போட்டு, ஒன்று இரண்டு என்று பாயிண்டுகளுக்கு எண் கொடுத்து, குற்றம் அந்த வீட்டுக்காரருடையதுதான் என்று அவரே நம்பும்படி பதில் அனுப்புவார். கடைசியில் மறக்காமல் நாலு பேருக்கு நகல். அதனால்தான் அலுவலகத்தில் அந்தப் பெயர்.

அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகாதபோது, அதே பாணியில் அண்ணனுக்கும் ஒரு கடிதம் எழுதினார். மொத்தம் பதினோரு பாயிண்ட். பேச்சு வந்த நாளிலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட அண்ணனை அதில் 'தாங்கள்' ஆக்கியிருந்தார். அப்பாவின் வீடு தங்களுக்கு, அப்பாவின் இழுப்பு எனக்கு என்பது இரண்டாவது பாயிண்ட். அதுகூடப் பரவாயில்லை. ஏழாவது இது: 'தந்தையாருக்கு மூச்சுத் திணறிய வேளையில் தாங்கள் உறங்கிக்கொண்டிருந்தீர்கள் எனத் தெரியவருகிறது.'

நகல்: அத்தை, சித்தப்பா, பெரிய மாமா, சின்ன மாமா.

அப்பா இறப்பதற்கு முந்தின மூன்று நாளும் அண்ணன் கண்ணை மூடாமல் அப்பாவின் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் மதியம், உட்கார்ந்தபடியே அசந்துவிட்டார். எழுதும்போதே அது நகல் சாருக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினார். மற்ற பத்துக்கும் அண்ணன் வாய்ச்சண்டை போட்டிருப்பார். அந்த ஒன்றுக்குப் பேச்சையே நிறுத்திவிட்டார். ஆறு வருடமாகிறது.

கடிதத்தால் கெட்டதை இன்னொரு கடிதத்தால் சரிசெய்ய நகல் சாருக்கே துணிவில்லை. ஒருமுறை அண்ணன் வீட்டு வாசல்வரை போனார். மணியை அழுத்தினால் உள்ளே இருந்து "யாரு?" என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தார். வரைவு சரியாக அமையவில்லை. திரும்பிவிட்டார்.

மூன்று மாதத்துக்கு முன் இழுப்பு அதிகமானபோது, தினமும் நடங்க, ஓட மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். நடக்கலாம் என்று மைதானத்துக்குப் போன முதல் நாளே எதிர்ப்பக்கத்தில் அண்ணன் நடந்துகொண்டிருந்தார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? தற்செயலாகத் தாண்டிப் போகிற மாதிரி போய், பக்கத்தில் வரும்போது சொல்லிவிட வேண்டியதுதான். எட்டி நடந்தார். அண்ணனும் எட்டி நடந்தார். மூன்றாம் நாள் இருவரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர் நடக்கத்தானே சொன்னாரு?" என்றாள் மனைவி, வியர்வையில் நனைந்த சட்டையைப் பிடுங்கிக்கொண்டே.

"இப்ப ஓடச் சொல்லிட்டாரு."

"உங்க அண்ணன்கிட்டயும் அவரோட டாக்டர் அதையேதான் சொன்னாராம். அக்கா போன்ல சொன்னாங்க. இந்த ஊர் டாக்டருங்களுக்கு என்ன ஆச்சு?"

அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தினார்களே தவிர, அவர்கள் மனைவிமார் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

நகல் சார் பதினாறு சொற்களை வெட்டி எட்டாக்கினார்: 'அண்ணே, அந்தக் கடிதத்துல ஏழாவது பாயிண்ட் தப்பு, என்னை மன்னிச்சிரு.' வேகம் போதவில்லை என்று புது ஷூ வாங்கினார். ஷூ குதிகாலைக் கடித்தது. கடித்த காலைத் தூக்கித் தூக்கி ஓடியதில் மறுகாலின் முட்டி வீங்கியது. முட்டியைக் கவனித்ததில் மூச்சு தப்பியது. வாக்கியம் நாலு சொல்லுக்கு இறங்கியது. அந்த வாரம் அண்ணனும் முட்டியில் வெள்ளைப் பட்டை மாட்டிக்கொண்டு வந்தார். என்ன ஸ்டைல் வேண்டியிருக்கிறது இந்த வயதில் என்று நகல் சாருக்குக் கடுப்பு.

பின்னால் ஓடினால்தானே பிடிக்க முடியவில்லை, எதிரே ஓடினால்? அன்றிரவு படுக்கையில் புரண்டு கண்டுபிடித்த யோசனை இது. மறுநாள் வழக்கத்துக்கு மாறாக இடமிருந்து வலமாக ஓடினார். பார்த்தால், எதிர்ப்பக்கத்தில் அண்ணனும் அன்று திசையை மாற்றி ஓடிக்கொண்டிருந்தார். அதே அரை வட்ட இடைவெளி.

முகத்தைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் நகல் சார். இழுப்பு என்று சொல்லி அதற்கும் இன்ஹேலரை உறிஞ்சினார்.

மறுநாள் நடுவே இருந்த புல்வெளியைக் குறுக்காகக் கடந்துவிடுவது என்று கயிற்றைத் தாண்டினார். பத்தடி போவதற்குள் விசில் சத்தம் கேட்டது. மைதானக் காவலாளி தண்ணீர்க் குழாயும் கையுமாக நின்றார்.

"சார், படிச்சவங்க. போர்டு போட்டிருக்கு பாருங்க."

இருபத்தாறு வருடமாகப் போர்டு வைக்கிறவர்கள் பக்கம் நின்று பதில் எழுதியவர். மறுபேச்சில்லாமல் திரும்பினார். திரும்பிய வேகத்தில் கயிறு தடுக்கியது. விழுந்த வேகத்தில் மூச்சு போனது போனதுதான். காவலாளிதான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கே மூக்கில் மருந்துப் புகை வைத்து, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்; ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். காற்றுக்காக வாயைத் திறந்து கிடந்த அந்த நாட்களில், அப்பாவின் கடைசி மதியம் எப்படி இருந்திருக்கும் என்பது கொஞ்சம் புரிந்தது. மூன்று நாள் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அதைவிட அதிகமாகப் புரிந்தது.

மனைவி கஞ்சி டம்ளரோடு வந்தாள். "அக்கா வீட்டுல எல்லாரும் மகன்கிட்டயே போயிடறாங்களாம். இனி அங்கதானாம். சனிக்கிழமை கிளம்பறாங்க."

அன்று வியாழன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து ஷூவை மாட்டினார். இப்போது அவர் கைவசம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: 'அண்ணே.' அது போதும். மிச்சத்தை அண்ணன் புரிந்துகொள்ளட்டும்.

எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லை. கொஞ்சம் தாமதமாக வருவார் என்று ஓடத் தொடங்கினார். ஒரு சுற்று முடிந்தது. அதிசயமாக மூச்சு இரைக்கவில்லை. ஒரு வார மருந்தின் வேலை. இரண்டாவது சுற்றில், அண்ணன் வழக்கமாகக் கையூன்றி நிற்கிற இடத்தில் போய் நின்றார். நின்று, யாரும் இல்லாத ஓடுதளத்தைப் பார்த்து, ஒரே மூச்சில் சொன்னார்:

"அண்ணே, அந்தக் கடிதத்துல ஏழாவது பாயிண்ட் தப்பு, எழுதறப்பவே அது எனக்குத் தெரியும், மூணு நாள் முழிச்சிருந்தவன் நீ, என்னை மன்னிச்சிரு."

பதினாறும் வந்துவிட்டன.

புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காவலாளி குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "உடம்பு தேவலையா சார்? உங்க அண்ணனைத் தேடறீங்களா?"

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தினம் பேசுவாரே. ஒரு நாள் முன்னாடியே வண்டி கிடைச்சிடுச்சாம். விடியறதுக்கு முன்னாலயே சாமானோட கேட்டுல நிறுத்தி, அரை மணி நேரம் உங்களைத் தேடினாரு. அப்புறம் போயிட்டாரு."

நகல் சார் ஓடுதளத்தின் வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எங்கேயும் தொடங்கவில்லை, எங்கேயும் முடியவில்லை.

"ஏதாவது சொன்னாரா?"

காவலாளி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "'மூணு மாசமா துரத்தறேன், என் தம்பி என்னைக் கண்டாலே ஓடறான், அப்பா போறப்ப நான் தூங்கிட்டேன், நீ எழுதினது சரிதாண்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு பார்த்தா, எங்க அப்பாகிட்டருந்து வந்த இந்தப் பாழாப்போன இழுப்பு என்னை அவன்கிட்ட போகவே விடலையே'ன்னாரு சார்."