நாலாவது நட்

மூன்று நட்டுகள் கழன்றுவிட்டன. நாலாவது கழலவில்லை.

கணக்கு வாத்தியார் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். முன் பம்பரைப் பிடித்திருந்த அந்தக் கடைசி நட், துருவேறி, போல்ட்டோடு ஒட்டிப் பிறந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் கார்தான் ஆடியது.

"மணி ஒன்பதாச்சு" என்றாள் மனைவி, ஷெட் வாசலில் நின்று. "வாங்குறவர் பதினொண்ணுக்கு வர்றாரு. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"ரெண்டு வருஷத்துல வாங்க வர்றேன்னு சொன்ன ஒரே ஆளு. இவரும் திரும்பிப் போயிட்டாருன்னா, உங்க கட்டிலைக் கொண்டாந்து இந்தக் காருக்குப் பக்கத்துலயே போட்டுடறேன். ரெண்டு பேரும் சந்தோஷமா இருங்க."

ஆறு வருஷமாக ஓடாமல் நிற்கும் கார். அந்த ஷெட்டில் தையல் மெஷின் போட்டுத் தொழில் தொடங்க இடம் கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் கேட்காமல் இருப்பதுதான் வாத்தியாரை அதிகம் பயமுறுத்தியது.

அதனால்தான் இந்த ஏற்பாடு. மங்கிப்போய், ஓரமெல்லாம் துருப் பூத்த அந்தப் பம்பரைப் பார்த்தால் வந்த மனிதர் வாசலோடு போய்விடுவார். கடையில் வாங்கி வைத்திருக்கும் புதுசை மாட்டிவிட்டால், வண்டிக்கு முகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

எண்ணெய் ஊற்றினார். நட் குடித்தது பாதி, அவர் கண் குடித்தது பாதி. ஒற்றைக் கண்ணோடு தடவி எடுத்தது ஒரு சைஸ் பெரிய ஸ்பேனர். அது தெரியாமல் மூச்சைப் பிடித்து ஒரே இழு. சரக்கென்று வழுக்கியது.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. அறுகோணம் வட்டமாயிடுச்சு."

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். பற்பசைக் கம்பெனியில் வேலை. ஆனால் கார் விஷயத்தில் அவனுக்குத் தெரியாதது கிடையாது. அவனையே கேட்டால் சொல்வான்.

"சூடு காட்டணும் அத்தான். இரும்பு விரிஞ்சு, நட் தானா கையில விழும்."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன்ல!"

எதிர்வீட்டு பிளம்பரிடம் கேஸ் டார்ச் வாங்கி வந்து நட்டுக்குத் தீ காட்டினார்கள். நட் அசையவில்லை. ஹெட்லைட் வயர்தான் உருகி, புகைந்து, பற்றிக்கொண்டது. மனைவி ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை வீசினாள். வயர் மேல் ஒரு கை, மீதி அத்தனையும் வாத்தியார் மேல்.

"பரவால்ல அத்தான். இப்ப இளகியிருக்கும். பைப் சொருகி நெம்பிடலாம்."

பிளம்பரின் குழாய் ரெஞ்சு வந்தது. அதன் பிடியில் நீளமாக ஒரு பைப்பைச் சொருகி, இருவரும் அதில் தொங்கினார்கள். கிரீச் என்று ஏதோ அசைந்தது.

"கழலுது அத்தான்! விடாதீங்க!"

கழலவில்லை. பம்பரைத் தாங்கும் பட்டைதான் வளைந்தது. பம்பரின் ஒரு முனை ஆகாயத்தைப் பார்த்தது.

"முன்னாடி பழசா இருந்துச்சு. இப்ப பழசாவும் இருக்கு, பைத்தியமாவும் இருக்கு" என்றாள் மனைவி.

மணி பத்தரை. வாத்தியாருக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"பிளம்பர்கிட்ட இரும்பு வெட்டுற கிரைண்டர் இருக்கும், கொண்டா. நட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். பம்பரையே வெட்டித் தள்ளிடறேன். எப்படியும் குப்பைக்குப் போறதுதானே!"

பொறி பறந்தது. பம்பர் இரண்டாகி, பெரிய துண்டு தடாலென்று தரையில் விழுந்தது. நாலாவது நட் மட்டும் தன் பங்குக்கு ஒரு சின்னத் துண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது.

புதுப் பம்பரை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். ஒரு சாண் நீளம் அதிகம். ஒரு துளைகூடப் பொருந்தவில்லை.

"அளந்து பாத்து வாங்கலியா?" என்று கேட்டாள் மனைவி.

இருபது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்போதுதான் விரலை விரித்துச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார்.

வாசலில் கார் வந்து நின்றது. சலவைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், டிரைவரோடு இறங்கி விறுவிறுவென்று ஷெட்டுக்குள் வந்தார். நேராக வண்டியின் முன்பக்கம் போனார். நின்றார்.

"இஞ்சின் நல்ல கண்டிஷன் சார்" என்றார் வாத்தியார், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. "சீட்டெல்லாம் கிழியல. பம்பர் மட்டும் ரொம்பப் பழசு, பாக்க நல்லாயில்லன்னு எடுத்துட்டோம். உங்க விருப்பப்படி ஒண்ணு மாட்டிக்கலாம்."

பெரியவர் குனிந்து, தரையில் கிடந்த பெரிய துண்டைத் தூக்கினார். வண்டியில் தொங்கிய சின்னத் துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். பிறகு அதை மடியில் போட்டுக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

மனைவி பதறிப்போய் டிரைவரிடம் கேட்டாள்: "என்னப்பா, அவருக்கு உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார் டிரைவர், குரலைத் தாழ்த்தி. "இதே வண்டி எங்க வீட்ல ஒண்ணு புதுசாட்டம் நிக்குது. முன் பம்பர் ஒண்ணுதான் நாலு வருஷமாத் தேடியும் கிடைக்கல. அதுக்காகத்தான் இந்த முழு வண்டியையும் வாங்க வந்தாரு."